கடல் வல்லமை, நில வல்லமைக் கோட்பாடுகளும் ஆற்காட்டுச் சீமையும்

கடல் வல்லமை, நில வல்லமைக் கோட்பாடுகள் என்பவை, உலக அரங்கில் ஒரு நாடு பெறும் செல்வாக்குக்கும் அந்நாட்டின் நிலவியல் அமைப்புக்கும் உள்ள தொடர்பை விளக்க முற்படும் புவிசார் அரசியல் கருத்துகள் ஆகும். கடல்வழிகளைக் கட்டுப்படுத்தும் நாடே உலகை ஆளும் என்பது ஒரு தரப்பு. பெருநிலப்பரப்பின் உட்பகுதியைக் கைக்கொள்ளும் நாடே இறுதியில் வெல்லும் என்பது மறுதரப்பு. நிலமும் கடலும் சந்திக்கும் விளிம்பே முதன்மையானது என்பது மூன்றாவது தரப்பு. இக்கோட்பாடுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கும் இடையே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உருவாயின. எனினும், அவை எடுத்துக்காட்டும் வரலாற்றில் ஒரு பகுதி தமிழ்நாட்டு மண்ணில் நடந்ததாகும். இன்றைய ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் பகுதிகளை உள்ளடக்கிய ஆற்காட்டுச் சீமையின் வரலாற்றைக் கொண்டு இக்கோட்பாடுகளின் வலிமையையும் வரம்பையும் அறியலாம்.

தோற்றம்

மலை, ஆறு, கடல் ஆகியவை அரசுகளின் போக்கை மாற்றுகின்றன என்பது பழைய கருத்துதான். நாட்டுக்கு மலையும் நீரும் காடும் அரண் என நம் முன்னோரும் வகுத்துள்ளனர். இதனை ஒரு தனித்துறையாக வளர்த்தவர்களில் செருமானிய நிலவியலாளர் பிரீட்ரிக் ராட்செல் (1844–1904) குறிப்பிடத்தக்கவர். அரசு என்பது உயிருள்ள ஒன்றைப் போல வளர்வதற்கு இடம் தேடும் என அவர் கருதினார். ‘புவிசார் அரசியல்’ என்னும் சொல்லை 1899 வாக்கில் உருவாக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ருடால்ஃப் கெல்லன் (1864–1922) ஆவார்.

மாகானின் கடல் வல்லமைக் கோட்பாடு

ஆல்பிரட் தாயர் மாகான் (1840–1914) அமெரிக்கக் கடற்படை அதிகாரி; கடற்படைப் போர்க் கல்லூரியின் ஆசிரியர். 1660 முதல் 1783 வரையிலான வரலாற்றில் கடல் வல்லமையின் செல்வாக்கை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1890இல் வெளிவந்தது. உற்பத்தி, கப்பல் போக்குவரத்து, வெளிநாட்டுத் தளங்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்றும், அவற்றைக் காப்பதற்கு வலிய கடற்படை வேண்டும் என்றும் அவர் வாதிட்டார்.

ஒரு நாடு கடல் வல்லமை பெறுவதற்கு ஆறு கூறுகளை மாகான் குறிப்பிடுகிறார். அவை: அமைவிடம், கடற்கரையின் இயற்கை அமைப்பு, நிலப்பரப்பின் அளவு, மக்கள்தொகை, மக்களின் இயல்பு, அரசின் இயல்பு. இந்த ஆறில் முதல் மூன்று இயற்கை தருபவை. அடுத்த மூன்றும் மனிதரைச் சார்ந்தவை. எனவே நிலவியல் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்று மாகான் கூறியதாகக் கொள்வது பொருந்தாது.

இந்நூலில் தமிழ் வாசகருக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. 1778 முதல் 1783 வரை சோழமண்டலக் கரையை ஒட்டி நடந்த கடற்போர்களுக்கு மாகான் ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியுள்ளார். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெறுகின்றன.

மெக்கிண்டரின் இதயநிலக் கோட்பாடு

ஆங்கிலேய நிலவியலாளர் ஹால்ஃபர்டு மெக்கிண்டர் (1861–1947) 1904 சனவரி 25 அன்று இலண்டன் அரச புவியியல் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். கொலம்பசின் காலம் தொட்டு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கடலோடிகளின் கை ஓங்கியிருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது அவ்வுரையின் சாரம்.

ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த பெருநிலத்தின் நடுவே ஒரு பரந்த பகுதி உள்ளது. அங்குள்ள ஆறுகள் உள்நாட்டு ஏரிகளிலோ, உறைந்து கிடக்கும் வடகடலிலோ கலக்கின்றன. ஆகவே கடற்படைக் கப்பல்கள் அதனுள் நுழைய இயலாது. முற்காலத்தில் அங்கே குதிரையும் ஒட்டகமும் தந்த வேகத்தை இனி ரயில் தரும் என மெக்கிண்டர் கணித்தார். அப்போது சைபீரியாவைக் கடக்கும் ரயில்பாதை முடிவடையும் நிலையில் இருந்தது. 1919இல் வெளிவந்த நூலில் இப்பகுதியை விரிவுபடுத்தி ‘இதயநிலம்’ என்று பெயரிட்டார். ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா மூன்றும் சேர்ந்ததை ‘உலகத் தீவு’ என்றார். கிழக்கு ஐரோப்பா வழியாக இதயநிலத்தைக் கைக்கொள்பவர் உலகத் தீவை ஆள்வர், அதன் வழியே உலகையே ஆள்வர் என்பது அவரது முடிவு. இந்தியா அவரது வரைபடத்தில் இதயநிலத்தைச் சூழ்ந்த உட்பிறையில் இடம்பெறுகிறது.

ஸ்பைக்மனும் பணிக்கரும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்கோலசு ஸ்பைக்மன் (1893–1943) மெக்கிண்டரின் முடிவைத் திருப்பிப் போட்டார். மக்கள்தொகையும் வேளாண்மையும் துறைமுகங்களும் செறிந்திருப்பது இதயநிலத்தில் அன்று, அதன் வெளிவிளிம்பில்தான். மேற்கு ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா, தென்கிழக்காசியா, சீனம் அடங்கிய இந்த ‘விளிம்புநிலத்தை’ ஆள்பவரே உலகின் போக்கை முடிவு செய்வர் என அவர் கருதினார். அவரது மறைவுக்குப் பின் 1944இல் இக்கருத்து நூலாக வெளிவந்தது.

இந்தியக் கண்ணோட்டத்தில் இப்பொருளை ஆராய்ந்தவர் வரலாற்றறிஞரும் அரசதந்திரியுமான கே. எம். பணிக்கர் (1895–1963). இந்திய வரலாற்றில் கடல் வல்லமையின் செல்வாக்கு பற்றிய அவரது நூல் 1945இல் வெளிவந்தது. இந்தியர் வடமேற்குக் கணவாய்களையே காவல் காத்தனர், கடலைக் கவனிக்கவில்லை, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலாதிக்கம் போர்த்துக்கீசியரிடம் சென்றபோதே அடிமைத்தனத்துக்கு வழி பிறந்தது என்பது அவரது வாதம். 1025இல் முதலாம் ராசேந்திர சோழன் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பியது, தமிழகம் எப்போதும் நிலத்தை மட்டுமே நம்பியிருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

ஆற்காட்டுச் சீமையின் அமைவிடம்

பாலாற்றின் தென்கரையில் ஆற்காடும் வடகரையில் ராணிப்பேட்டையும் அமைந்துள்ளன. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராசனின் மனைவி நினைவாக நவாப் சாதத்துல்லா கான் ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கர்நாடக நவாபுகளின் தலைநகரமாக ஆற்காடு விளங்கியது. மைசூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் கணவாய்களுக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே இப்பகுதி உள்ளது. மேட்டிலிருந்து வருபவரும் கரையிலிருந்து உள்ளே செல்பவரும் இவ்வழியைத்தான் மிதிக்க வேண்டும். அதனால் நில வல்லமையும் கடல் வல்லமையும் மோதிய களமாக இது ஆனது.

சோழமண்டலக் கரைக்கு ஒரு குறையும் உண்டு. இங்கே பெருங்கப்பல்கள் புயலுக்கு ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கியதும் கடற்படைகள் பம்பாய், திருகோணமலை, மொரீசியசு எனத் தொலைவிலுள்ள இடங்களுக்குப் போயாக வேண்டும். கப்பல்கள் அகலும் அந்த மாதங்களில் நிலப்படையின் கை ஓங்கும். இக்காலச் சுழற்சி அடுத்து வரும் போர்கள் அனைத்திலும் தென்படும்.

கர்நாடகப் போர்கள் (1746–1761)

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைக் கைப்பற்றியது. நகரை மீட்க நவாப் அன்வருதீன் அனுப்பிய பெரும்படையை, அடையாற்றங்கரையில் சில நூறு வீரர்களே கொண்ட பிரெஞ்சுப் படை முறியடித்தது. ஆயினும் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் நிலைக்கவில்லை. 1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர்க் கோட்டைக்கு ஈடாகச் சென்னை ஆங்கிலேயரிடம் திரும்பியது. சென்னை யாருக்கு உரியது என்பதை ஆற்காட்டு நவாபின் குதிரைப்படை முடிவு செய்யவில்லை; பல ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஒரு துறைமுகம் முடிவு செய்தது. கடல் உலகை ஒரே களமாக இணைத்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1749 ஆகத்தில் ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிபும் முசாபர் சங்கும் பிரெஞ்சுக்காரரின் துணையுடன் வென்றனர். 1751இல் ராபர்ட் கிளைவ் ஏறத்தாழ 500 வீரர்களுடன் சென்னையிலிருந்து புறப்பட்டு ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றி, சுமார் 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். பாலாற்றங்கரையில் இன்றும் நிற்கும் தில்லி வாயில் அக்கோட்டையின் எச்சமாகும்.

இறுதி முடிவைக் கடலே தந்தது. 1759 செப்டம்பரில் நடந்த கடற்போருக்குப் பின் பிரெஞ்சுத் தளபதி டாஷே தம் கப்பல்களுடன் மொரீசியசுக்குச் சென்றவர் திரும்பவில்லை. 1760 சனவரியில் லாலியின் படை வந்தவாசியில் தோற்றது. கப்பல் துணையற்ற புதுச்சேரி, நிலத்திலும் நீரிலும் முற்றுகையிடப்பட்டு 1761 சனவரியில் சரணடைந்தது.

ஐதர் அலியும் கடலும் (1780–1783)

1780 சூலையில் ஐதர் அலி கணவாய்கள் வழியே பெரும்படையுடன் இறங்கினார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையை நொறுக்கினார். சில வாரங்களில் ஆற்காட்டையும் பிடித்தார். ஊர்களும் விளைநிலங்களும் அழிந்து, சென்னைக்கு உள்நாட்டிலிருந்து தானியம் வருவது நின்றது. நில வல்லமை உச்சத்தை எட்டிய நேரம் அது.

ஆனால் ஆங்கிலேயருக்குக் கடல் திறந்திருந்தது. 1780 டிசம்பரில் மங்களூரில் ஐதரின் கப்பல்களை ஆங்கிலேயக் கடற்படை அழித்தது. 1781 பிப்ரவரியில் கடலூரில் அயர் கூட்டின் படை உணவின்றித் தவித்தபோது பிரெஞ்சுத் தளபதி தோர்வ் தம் கப்பல்களுடன் கரைக்கு அருகே வந்து நின்றார். சில வாரம் அங்கேயே நின்று கடல்வழியை அடைத்திருந்தால் கூட்டின் படை பசியால் பணிந்திருக்கக்கூடும். அவரோ மொரீசியசுக்குத் திரும்பிவிட்டார். சென்னையிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. அதே ஆண்டு சூலை 1 அன்று பரங்கிப்பேட்டையிலும், செப்டம்பர் 27 அன்று இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள சோளிங்கரிலும் ஐதர் தோற்றார். ஆங்கிலேயரை நிலத்தில் அழிக்கலாம், கடலை வற்றச் செய்ய முடியுமா என்ற பொருளில் அவர் மனம் நொந்து கூறியதாகச் சொல்லப்படுகிறது.

1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் வந்து சேர்ந்தார். 1783 சூன் வரை ஆங்கிலேயத் தளபதி ஹியூசுடன் ஐந்து முறை மோதினார். இடையே திருகோணமலைத் துறைமுகத்தையும் பிடித்தார். பழுது பார்க்கத் தளமின்றி, தாயகத்திலிருந்து போதிய உதவியுமின்றி அவர் காட்டிய திறமையை மாகான் பெரிதும் பாராட்டுகிறார். ஆனால் ஐதர் 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே பாசறையில் மறைந்தார். 1783இல் ஐரோப்பாவில் அமைதி ஏற்பட்ட செய்தி எட்டியதும் பிரெஞ்சுக்காரர் போரை நிறுத்தினர். நிலத்தில் வல்ல ஐதரும் கடலில் வல்ல சஃப்ரனும் ஈராண்டு முன்னதாக இணைந்திருந்தால் தென்னிந்திய வரலாறு வேறு திசையில் சென்றிருக்கலாம் என்பது இப்போரிலிருந்து பெறப்படும் கருத்து.

1856: ரயில் எந்தப் பக்கம் ஓடியது?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 சூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை ஓடியது. ஏறத்தாழ 100 கி.மீ. நீளமுள்ள அப்பாதை ஆற்காட்டையும் ராணிப்பேட்டை முகாமையும் கருதி அமைந்தது. 1860களின் தொடக்கத்தில் இத்தடம் மேற்குக் கரையின் பேப்பூர் வரை நீண்டது.

மெக்கிண்டரின் கோட்பாட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரயில் வந்தால் நில வல்லமை ஓங்கும் என்றார் அவர். ஆற்காட்டுச் சீமையில் ரயில் துறைமுகத்தில் தொடங்கி உள்நாட்டை நோக்கி வந்தது. படையை உள்ளே கொண்டு சென்றது. பருத்தி, தோல் முதலிய சரக்குகளைக் கரைக்குக் கொண்டு வந்தது. அதாவது, இங்கே ரயில் கடல் வல்லமையின் நீட்டிய கையாகவே பயன்பட்டது. ஒரு தொழில்நுட்பம் நிலத்துக்கு வலிமை தருமா, கடலுக்கு வலிமை தருமா என்பது அது யார் கையில், எந்த நோக்கில் உள்ளது என்பதைப் பொறுத்தது.

தோலும் கடல்வழியும்

ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடுதல் பெருந்தொழிலாகும். முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றன. 1869இல் சூயசு கால்வாய் திறக்கப்பட்டபின் ஐரோப்பா அருகில் வந்தது போலாயிற்று. 1970களின் தொடக்கம் முதல் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு கட்டுப்படுத்தியதால், முழுமையாக்கிய தோலும் காலணியும் இங்கேயே தயாராகும் நிலை வளர்ந்தது.

கடல்வழியை நம்பிய தொழிலுக்குக் கடலில் நேரும் ஒவ்வொரு தடையும் வாசலில் வந்து நிற்கும். 1914 செப்டம்பர் 22 இரவு செருமானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளின் மீது குண்டு வீசியது. ஒரே கப்பல் வங்கக் கடலின் வணிகத்தைப் பல வாரங்கள் கலங்கடித்தது. அஞ்சா நெஞ்சரையும் சூழ்ச்சிக்காரரையும் ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு அவ்விரவின் எதிரொலி. 1967 முதல் 1975 வரை சூயசு கால்வாய் மூடிக் கிடந்தது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்னும் ஒற்றைக் கன்டெய்னர் கப்பல் குறுக்கே சிக்கி அதனை ஆறு நாள் அடைத்தது. 2023 நவம்பர் முதல் செங்கடலில் ஹூத்தி படையினரின் தாக்குதலால் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. பயணம் பத்து முதல் பதினான்கு நாள் நீண்டது. பருவத்துக்கேற்ற காலணி குறித்த வாரத்தில் ஐரோப்பியக் கடையை அடையாவிட்டால் அதன் விலை குறையும், அடுத்த ஆர்டர் தயங்கும். அதன் சுமை ஷூ கம்பெனியில் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களின் வேலை நாட்களில் வந்து முடியும்.

எனினும் திறந்த கடல் மட்டும் போதாது. 2025 ஆகத்து 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது எந்தக் கடல்வழியும் அடைபடவில்லை. துறைமுகத்தில் கப்பல் இருந்தும் சரக்கு தயங்கியது. வாங்குபவரின் சந்தையும் ஒரு வல்லமைதான். மாகானின் ஆறு கூறுகளுள் அதற்குத் தனியிடம் இல்லை.

அரக்கோணத்திலிருந்து கடலைக் காத்தல்

ராணிப்பேட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இந்தியக் கடற்படையின் முதன்மையான வானூர்தித் தளங்களுள் ஒன்றான ஐ.என்.எஸ். ராஜாளி இம்மாவட்டத்தின் அரக்கோணத்தில் உள்ளது. 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட இத்தளத்திலிருந்து முதலில் டியூ–142 வானூர்திகளும் 2013 முதல் பி–8ஐ வானூர்திகளும் இந்தியப் பெருங்கடலைக் கண்காணித்து வருகின்றன. கரையிலிருந்து பல கி.மீ. உள்ளே உள்ள ஓடுதளம் கடல்வழியின் காவல் அரணாக இருப்பதால், நிலம் வேறு கடல் வேறு என்னும் பழைய பிரிவினை வானூர்திக் காலத்தில் மங்கிவிட்டதை அறியலாம். 1904இல் மெக்கிண்டரின் உரையைக் கேட்டுக்கொண்டிருந்த லியோ அமெரி, எதிர்காலத்தில் வானூர்திகளும் வந்துவிடும், அப்போது தொழில்வளமும் அறிவியலும் உடையோரே வெல்வர் என்று அங்கேயே கருத்துரைத்தது நினைவுகொள்ளத் தக்கது.

குறைபாடுகள்

இக்கோட்பாடுகள் மீது பல திறனாய்வுகள் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை வருமாறு.

முதலாவது, இவை பெரும்பாலும் பேரரசுகளின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை. செருமனியில் கார்ல் ஹௌஸ்ஹோஃபர் (1869–1946) வளர்த்த புவிசார் அரசியல், வாழிடம் தேடுதல் என்ற பெயரில் நாசிகளின் ஆக்கிரமிப்புக்குத் துணைபோனது. அதனால் இத்துறையே நெடுங்காலம் பழிக்கப்பட்டது.

இரண்டாவது, நிலவியலை விதியாகக் கொள்ளும் போக்கு. தோர்வ் கடலூரில் தங்கியிருந்தாலும் கடற்கரையின் அமைப்பு அதுவாகவே இருந்திருக்கும். மாறியிருக்கக்கூடியது ஒரு மனிதரின் முடிவு.

மூன்றாவது, இவை வழிகளையும் துறைமுகங்களையும் காண்கின்றன. அவற்றுக்குப் பொருள் தரும் ஊரைக் காண்பதில்லை. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவிய பின், காலணி கடல் கடந்து சென்றது. கழிவு பாலாற்றுப் படுகையிலேயே தங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2015 சனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2025 சனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்கி, இழப்பீட்டையும் ஆற்றின் மீட்பையும் தொடர்ந்து கண்காணிக்க வழிவகுத்தது. உலக வல்லமையைக் கணக்கிடும் வரைபடம் எதிலும் கிணற்று நீரின் நிறம் குறிக்கப்படுவதில்லை.

இன்றைய பொருத்தம்

சீனா 2013இல் அறிவித்த பட்டை மற்றும் பாதைத் திட்டம் நிலவழியையும் கடல்வழியையும் ஒன்றாகக் கொள்கிறது. 2017இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் சென்றது. 2023 செப்டம்பரில் தில்லியில் அறிவிக்கப்பட்ட இந்தியா–மேற்காசியா–ஐரோப்பா வழித்தடமும் கப்பலையும் ரயிலையும் இணைப்பதே. மாகான், மெக்கிண்டர், ஸ்பைக்மன் ஆகியோரின் பெயர்கள் இத்திட்டங்கள் பற்றிய விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன.

இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது பயன் தரும்: வழி யார் கட்டுப்பாட்டில் உள்ளது? அவ்வழியில் செல்லும் பொருளை விளைவிப்பவர் யார்? அதன் ஆதாயமும் சேதமும் எங்கெங்கே தங்குகின்றன? முதல் வினாவுக்கு இக்கோட்பாடுகள் ஓரளவு விடை தருகின்றன. மற்ற இரண்டுக்கும் பாலாற்றங்கரை போன்ற இடங்களின் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டியுள்ளது.